இருபத்து மூன்றாம் எண்ணுக்கு நான் கொடுத்த குரல்

எங்கள் பள்ளிக்கூடத்தின் தாளாளர் ஒரு முறை மதராஸுக்குப் போனபோது, ஆண் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பெரிய தனியார் பள்ளி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். பார்த்தார் என்றால் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். உள்ளே விடவில்லையாம். வெளியே நின்றபடி என்னென்ன கண்ணில் பட்டதோ அதையெல்லாம் விருத்தாசலத்தில் நடத்திக் காட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டு ரயில் ஏறிவிட்டார். அங்கே பிள்ளைகள் கழுத்தில் டை தொங்கியது. எங்கள் கழுத்திலும் தொங்கியது. அங்கே காலில் ஷூ இருந்தது. அதைச் சொன்னதும் எங்கள் அப்பாக்கள் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகத் தயாராகிவிட்டதால் ஷூ மட்டும் வரவில்லை. அறுபதுகளின் பின்பாதியில் விருத்தாசலம் கடைத்தெருவில், மேலே மதராஸும் கீழே புழுதியுமாக இருநூறு பையன்கள் நடந்து போவார்கள். அதில் டையை முதுகுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு போனவன் நான்.

கட்டடம் பழைய மல்லாட்டைக் கிடங்கு. நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கிடங்கைத் தட்டி வைத்துத் தடுத்து வகுப்புகள் ஆக்கியிருந்தார்கள். ஒவ்வொரு வகுப்பின் நடுவிலும் இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் அளவுக்குத் தூண்கள். சுவர் வெடிப்பில் விரலை விட்டால் எப்போதோ விழுந்த கொட்டை ஒன்றிரண்டு கிடைக்கும். ஏழு வருடத்தில் நான் அந்தப் பள்ளியில் தேடிக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

மதராஸ் பள்ளியின் காவல்காரர் தாளாளரிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். இங்கே பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நம்பர்தான் என்று. உண்மையாகவே சொன்னாரா, வெளியூர் ஆள் என்று பார்த்து விளையாடினாரா, தெரியாது. எங்களுக்கு நம்பர் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் நான் இருபத்து நாலு. என் பக்கத்தில் உட்கார்ந்தவன் இருபத்து மூன்று.

மதராஸில் பார்க்காமல் தாளாளர் சொந்தமாக யோசித்தது ஒன்று உண்டு. அதைத்தான் நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டார். ஒரு பையன் இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் மாலை வகுப்பாசிரியர் வீடு தேடி வருவார். இது வெறும் நோட்டீஸ் பேச்சில்லை. எங்கள் வகுப்பு சார் பச்சை சைக்கிளில் உண்மையாகவே வருவார். படுத்திருப்பவன் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். சுட்டால் டாக்டரிடம் காட்டச் சொல்வார். வீட்டில் பெரியவர்கள் இல்லை என்றால் பையனை கேரியரில் உட்காரவைத்துத் தாமே கொண்டு போவார். சேத்தியாத்தோப்பு போகும் ரோட்டில் ஆறு மைல் தள்ளி ஒரு பையனுக்கு அம்மை போட்டிருந்தபோது அத்தனை தூரமும் மிதித்துக்கொண்டு போய் வேப்பிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் அவர்.

என் வீட்டுக்கும் வந்திருக்கிறார். அக்குளில் வெங்காயம் வைத்தால் காய்ச்சல் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி நான் மூன்று நாள் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். காய்ச்சல் வரவில்லை, வாடைதான் வந்தது. சார் நெற்றியைத் தொட்டார். மூக்கை உறிஞ்சினார். "அத எடுத்து அம்மாகிட்ட குடுடா. சாம்பாருக்கு ஆவும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார். அம்மா அந்த வெங்காயத்தை வைத்து என்னை என்ன செய்தாள் என்பது வேண்டாம்.

இருபத்து மூன்றுக்கு அம்மா இல்லை. சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா ரயில்வேயில் லைன் மேஸ்திரி. தண்டவாளம் பழுது பார்க்கும் ஆட்களுக்குத் தலைவர். வேலை தூரத்தில் என்றால் ஆட்களோடு அங்கேயே ஒரு ரயில் பெட்டியில் ஐந்தாறு நாள் தங்கிவிடுவார். அப்போதெல்லாம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸின் கடைசி வீட்டில் அவன் தனியாக இருப்பான். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. தானே சோறு வடித்து, குழம்பு வைத்து, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படிப்பான். கணக்கில் புலி. குரல்தான் அப்போது உடைந்துகொண்டிருந்தது. மண்பானைக்குள் சரளைக்கல்லைப் போட்டு உருட்டினால் ஒரு சத்தம் வருமே, அப்படி.

அந்தக் குரல் எனக்கு வந்தது. எனக்கு எல்லாருடைய குரலும் வரும். பாடம் மட்டும்தான் வராது. தாளாளர் போலவும் பேசுவேன், ஸ்டேஷனில் வடை விற்பவர் போலவும் கத்துவேன். ஆனால் இருபத்து மூன்றின் குரலை நான் பேசினால் அவனுக்கே சந்தேகம் வந்து வாயைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

அவனுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. ஊரில் பீங்கான் தொழிற்கூடங்கள் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. சூளையை வேகவைத்து, ஆறவிட்டு, வாசலில் அடைத்த செங்கல்லைப் பிரிக்கும் நாளில் இவன் அங்கே நிற்க வேண்டும். உள்ளேயிருந்து பொம்மையும் ஜாடியும் ஃபியூஸ் கட்டையும் இளஞ்சூட்டோடு வெளியே வரும். கோணலாய்ப் போனதை ஓரமாகக் கொட்டுவார்கள். மூக்கில்லாத பொம்மை, இரண்டு பொம்மை ஒட்டிக்கொண்டு ஒன்றானது என்று பொறுக்கி வருவான்.

"இத வச்சி என்னாடா பண்ணப் போற?"

"சும்மா வச்சிருக்கேன். இதுவும் வெந்ததுதானே."

சூளை பிரிப்பது பள்ளி நாளில்தான் வரும். ஆகவே எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். அவன் வராத நாளில் வருகைப் பதிவின்போது அவனுக்கும் சேர்த்து நான் குரல் கொடுக்க வேண்டும். அதற்குப் பதில் என் கணக்கு நோட்டை அவன் போட்டுத் தருவான். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே லாபகரமான வியாபாரம் என்று அப்போது நினைத்தேன்.

மாட்டிக்கொள்ள வழியே இல்லை. சாருக்குக் கிட்டப்பார்வை. பதிவேட்டில் எழுதும்போது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மூக்கு காகிதத்தில் படுகிற மாதிரி குனிந்துகொள்வார். "இருபத்து ரெண்டு." "உள்ளேன் ஐயா." "இருபத்து மூணு." சரளைக்கல் குரலில் "உள்ளேன் ஐயா." "இருபத்து நாலு." என் சொந்தக் குரலில் "உள்ளேன் ஐயா." காலையில் ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை. எங்கள் பெஞ்சு கடைசி. அவன் இடம் தூணுக்குப் பின்னால். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாலும் சாருக்குத் தூண்தான் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை பள்ளி விட்டதும் அவன் சொன்னான். "திங்கக்கெழம சூள பிரிக்கிறாங்களாம். நான் வரல. நீ குடுத்துடு."

"செவ்வாக்கெழம?"

"வந்துடுவேன். அப்பா ஞாயித்துக்கெழம லைனுக்குப் போவுது, வர சனி ஆயிடும். போயிட்டு வரேன்டா."

திங்கட்கிழமை இரண்டு வேளையும் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை. சூளை ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அன்றும் கொடுத்தேன். முன்னெல்லாம் ஒரு நாளோடு முடிந்துவிடும். இரண்டாம் நாளும் கொடுத்தது அதுதான் முதல் தடவை. வகுப்பில் விஷயம் பரவிவிட்டது. புதன்கிழமை காலை சார் பதிவேட்டைத் திறந்ததும் நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதுவரை என் வாழ்க்கையில் யாரும் எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததில்லை.

"இருபத்து மூணு."

"உள்ளேன் ஐயா." கொஞ்சம் தாராளமாகவே கரகரத்துவிட்டேன்.

சார் குனிந்தபடியே பேனாவை நிறுத்தினார். "என்னடா, தொண்ட கட்டிக்கிச்சா?"

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆனால் வாய் இருக்கிறதே, அது என் பேச்சைக் கேட்காது. "ஆமாங்க சார். ஐஸு தின்னுட்டேன்."

"அறிவிருக்குதா ஒனக்கு? சாயந்தரம் மொளகுக் கசாயம் வச்சிக் குடி."

"சரிங்க சார்."

"இருபத்து நாலு."

"உள்ளேன் ஐயா."

"ஏன்டா சிரிக்கிற? அவனுக்கு வந்தா நாளைக்கு ஒனக்கும் ஒட்டிக்கும்."

இடைவேளையில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கிடங்கைச் சுற்றினார்கள். "டேய், இவன் ஒரே ஆளு ரெண்டு டிக்கெட்டுடா!" என்று ஒருத்தன் கத்தினான். வியாழக்கிழமை எனக்கு மல்லாட்டை உருண்டை வந்தது; எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பேர் தட்டி ஓட்டையில் காது வைத்துக் கேட்க வந்தார்கள். சார் மறக்காமல், "கசாயம் குடிச்சியாடா?" என்று கேட்டார். "குடிச்சேங்க சார், இப்ப தேவலாம்" என்று குரலில் ஒரு பிடி சரளையைக் குறைத்துச் சொன்னேன். அப்படி ஒரு கலைஞன் நான்.

அவன் வீட்டுக்கு ஒரு நடை போயிருக்கலாம். மாலை நாலரைக்கு மேல் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. தண்டவாளத்தைத் தாண்டினால் கால் மணி நடை. ஏன் போகவில்லை என்று பிற்பாடு பல காரணங்களைத் தயார் செய்து பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. உள்ளது ஒன்றுதான். அவன் வந்துவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும். புதன்கிழமை மாலையிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் வரை, அவன் வந்துவிடக் கூடாதே என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து நாள். பத்து முறை.

ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். பாதித் தலை வெட்டி முடிந்திருந்தது. கடைக்கு வந்த ரயில்வேக்காரர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே சொன்னார். "மேஸ்திரி பையன் போயிட்டாம்பா. மூளக்காய்ச்சலாம். வெள்ளிக்கெழம சாயந்தரம் வேல சீக்கிரம் முடிஞ்சி அந்தாளு வந்து பாத்தா, பையன் நெனவே இல்லாம கெடக்கறான். கடலூருக்குத் தூக்கினு போனாங்க. நேத்து மத்தியானம் முடிஞ்சிப் போச்சு. ரெண்டு நாளு முன்னாடி கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்னுட்டாராம் டாக்டரு."

கடைக்காரர் கத்திரியை நிறுத்திவிட்டு, "அடப் பாவமே" என்றார். நான் மீதித் தலையோடு எழுந்து வெளியே வந்துவிட்டேன். மணிமுத்தாற்றங்கரைக்கு அவனை எடுத்துப் போனபோது அப்படியேதான் நின்றேன். யாராவது அதைப் பார்த்து என்னை அடித்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. யாரும் என்னைப் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில் அவன் அப்பா வந்தார். நண்பர்களின் அப்பாவை நாங்களும் அப்பா என்றுதான் கூப்பிடுவோம். மொட்டையடித்திருந்ததால் யாரென்று தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று. வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. விலாசம் கேட்க வந்தவர் மாதிரி கேட்டார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். மூணாம் நாளு வூட்டுக்கு வருவீங்களே. ஏன் வரல? நீங்க வந்துடுவீங்கன்ற தைரியத்துலதான் நான் புள்ளய வுட்டுட்டு லைனுக்குப் போறது."

சாருக்கு ஒன்றும் புரியவில்லை. "வரலைன்னாத்தானே நான் வரணும்? பையன் ஸ்கூலுக்கு வந்துட்டுத்தான இருந்தான்" என்றார். பதிவேட்டை எடுத்து வந்து வாசலிலேயே விரித்துக் காட்டினார். திங்கள் காலை, திங்கள் மதியம் என்று விரலை வைத்துக்கொண்டே போனார். வெள்ளி மதியத்தில் விரல் நின்றது. பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தார். இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்து, தூணுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். இல்லை, சார் சொல்லியிருக்க வேண்டும். நாற்பது பேரில் எவனாவது ஒருவன் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவர்கள் பேசாமல் இருந்தது என்னைக் காப்பாற்ற இல்லை. எல்லாரும் சிரித்திருந்தார்கள்.

மேஸ்திரி பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரலும் அந்தக் கட்டங்கள் மேல் ஒவ்வொன்றாகப் போயிற்று. "அஞ்சு நாளும் வந்திருக்கான்" என்றார். "அவ்ளோ காச்சலோட. அந்த ஒடம்ப வச்சிக்கினு அஞ்சு நாளும் ஸ்கூலுக்கு வந்திருக்கான் எம் புள்ள." அவர் முகத்தில் வந்ததைப் பெருமை என்றுதான் சொல்ல முடியும். "அதான் வெள்ளிக்கெழம நான் போவசொல்ல கதவு சும்மா சாத்தியிருந்திச்சி. தாப்பா போடல. தாப்பா போடாம இருக்க மாட்டான் அவன். ஸ்கூல்லேருந்து வந்து அப்புடியே வுழுந்திருக்கான் போல."

கதவு ஏன் அப்படி இருந்தது என்று அந்த வகுப்பில் எனக்கும் சாருக்கும் தெரியும். மூன்றாம் நாள் மாலை யார் வருவார் என்று அவனுக்கும் தெரியும். எழுந்து வந்து திறக்க முடியாமல் போய்விடுமோ என்று, முடிந்தபோதே தாழ்ப்பாளை எடுத்து வைத்திருக்கிறான்.

"வந்தான்ங்க" என்றார் சார், மேஸ்திரியைப் பார்க்காமல். "நல்ல பையன்."

சார் என்னை அடிக்கவில்லை. தாளாளரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண்ணாடியைக் கழற்றி வைத்த கதையும் வெளியே வரும். ஒரு வாரம் கழித்து ஆசிரியர் அறையில் தனியாக இருந்தபோது என்னைக் கூப்பிட்டார். "இனிமே ஒன் கொரல்ல மட்டும் பேசுடா" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு வருகைப் பதிவை மேசையில் எடுப்பதில்லை. பதிவேட்டைக் கையில் ஏந்தி, ஒவ்வொரு பெஞ்சாக நடந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து எடுத்தார். இருபது நிமிடம் ஆகும். அடுத்த வருடம் திட்டக்குடிப் பக்கம் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்.

தாளாளருக்கு இந்தச் செய்தி உருக்கமாகப் போய்விட்டது. காலைக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினார். உடம்பு நெருப்பாகக் கொதித்தபோதும் பள்ளியை மறக்காத மாணவன் என்றார். அவன் நினைவாக, வருடம் முழுவதும் ஒரு நாள் கூடத் தவறாமல் வருபவனுக்கு ஒரு பீங்கான் ஜாடி பரிசு என்று அறிவித்தார். அடுத்த வருடம் அந்தப் பரிசை வாங்கியவன் யார் என்று நினைக்கிறீர்கள்? பயத்தில் நான் ஒரு நாள் கூட வராமல் இருந்ததில்லை. மேடையில் ஜாடியைக் கொடுத்தது மேஸ்திரி. அம்மா அதில் எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டாள். எங்கள் வீட்டில் நான் ஊறுகாய் சாப்பிடுவதை நிறுத்தியதற்கு வயிற்றுவலி என்று காரணம் சொல்லியிருந்தேன்.

மேடையிலிருந்து இறங்கியதும் மேஸ்திரி என்னைத் தேடி வந்தார். "தம்பி, நீதானே எம் புள்ள பக்கத்துல ஒக்காருவ?"

"ஆமாம்பா."

"அந்த அஞ்சு நாளு என்னா பேசினான்? எதுனா சொன்னானா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பதினாறு வயது. கையில் ஜாடி. வாய் முந்திக்கொண்டது. "புதன்கெழம அவனே கத்திரிக்காய் கொழம்பு வச்சி எடுத்தாந்திருந்தாம்பா. எனக்கும் குடுத்தான்."

"உப்பு சரியா இருந்திச்சா? அவனுக்கு உப்பு கம்மியாப் பூடும்."

"கம்மியாத்தான் இருந்திச்சி."

அவர் சிரித்தார். மொட்டைத் தலையோடு வாசலில் வந்து நின்றவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. தவறும் அதுதான்.

அதிலிருந்து அவர் என்னை எங்கே பார்த்தாலும் கேட்பார். வாரச் சந்தையில், ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், டீக்கடையில். நான் படிப்பை முடித்து ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில், ஜாடிகளை வைக்கோல் சுற்றி அனுப்பும் பகுதியில் எழுத்தராகச் சேர்ந்த பிறகும் கேட்டார். நானும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். செவ்வாய்க்கிழமை அவன் எனக்கு ஒரு கணக்கை மூன்று முறை விளக்கினான். நாலாம் முறை மண்டையில் குட்டினான். வியாழக்கிழமை தாளாளரின் டை காற்றில் பறந்து முகத்தை மூடியபோது சிரித்துப் புரையேறிவிட்டது. வெள்ளிக்கிழமை, அப்பா நாளைக்கு வந்துவிடும் என்று சொன்னான். என் வாழ்க்கையில் முதன்முதலாகக் கட்டிய கதைகள் அவைதான். ஒரே ஒரு வாசகர். அவர் ஒரு சொல்லைக் கூட மறக்க மாட்டார். நான்தான் மறந்துபோய் புதன்கிழமைக் குழம்பை வியாழக்கிழமைக்கு மாற்றிவிடுவேன். "பொதன்கெழம தம்பி" என்று அவரே திருத்துவார்.

எழுபதுகளின் நடுவில் அவருக்கு ஓய்வு வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போகப் போவதாகச் சொல்லி அனுப்பினார். போனேன். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஒரு நாற்பது பக்க நோட்டையும் புதுப் பேனாவையும் என்னிடம் கொடுத்தார்.

"ஒனக்குத்தான் எழுத்து வருமே. அந்த அஞ்சு நாளையும் இதுல எழுதிக் குடு தம்பி. ஊருக்குப் பூட்டா எனக்குச் சொல்றதுக்கு ஆளு இல்ல. வயசாவுது, மறந்துடும். அக்கா பேத்தி படிக்குது, அதப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்குவேன். நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி வருது. அதுக்குள்ள குடுத்தாப் போதும்."

வீட்டுக்கு எடுத்து வந்து விரித்து வைத்தேன். 'திங்கட்கிழமை' என்று மேலே எழுதினேன். வாயால் சொல்லும்போது எத்தனை சுலபமாக வந்தது! திங்கட்கிழமை அவன் எங்கே இருந்தான்? சூளைக்குக் கூடப் போகவில்லை. அன்று அவன் வரவே இல்லை என்று அங்கிருந்த காவல்காரர் எனக்கு என்றோ சொல்லியிருந்தார். தண்ணீர்ப் பானை கட்டிலிலிருந்து எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். ஆறு அடி இருக்கும். நான் மல்லாட்டை உருண்டை தின்ற வியாழக்கிழமை அவன் அந்த ஆறு அடியைக் கடந்தானா என்று எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. எழுதிய ஒரு சொல்லை அடித்துவிட்டு மூடினேன்.

காலை ஒன்பதரைக்குப் போய் நோட்டை அவரிடம் நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்தார். "எழுதலயா?"

சொன்னேன். நின்றுகொண்டே, என் சொந்தக் குரலில், திங்கட்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமை வரை. தொண்டை கட்டியதா என்று சார் கேட்டதையும் அதற்கு நான் சொன்ன பதிலையும் விடவில்லை. வகுப்பு சிரித்ததையும் சொன்னேன். என்னைத் தூக்கிக்கொண்டு சுற்றியதைச் சொல்லும்போது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"கத்திரிக்காய் கொழம்பு?"

"இல்லப்பா."

"மண்டையில குட்னான்னியே?"

"இல்ல."

"பொற ஏறினது?"

தலையை ஆட்டினேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கே நினைவில்லாத சிலவற்றையும் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றேன். கடைசியில், "நாளைக்கு அப்பா வந்துடும்னு சொன்னானே, அது?" என்றார்.

அதை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். "அதுவும் இல்லப்பா" என்றேன்.

வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார். "அந்தப் பக்கம் புடி" என்றார். பிடித்தேன். "பாத்து, நெலை இடிக்கும்." வாசல் நிலையில் இடிக்காமல் வெளியே கொண்டு வந்து வண்டியில் ஏற்றினோம். மூட்டைகளையும் ஏற்றினோம். நோட்டை வாசலிலேயே வைத்துவிட்டார். வண்டிக்காரர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

வண்டி ஐம்பது அடி போவதற்குள் ரயில்வே கேட் மூடிவிட்டது. வண்டி நின்றது. சரக்கு ரயில் வரப் போகிறது போலிருந்தது. வரவில்லை, நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான் வாசலில் நின்றேன். அவர் முதுகு தெரிந்தது. வண்டிக்காரர் திரும்பி என்னைப் பார்த்து அவரிடம் ஏதோ கேட்டார். ஐம்பது அடிதான். போய் மிதிபலகையில் கை வைத்து நின்றிருக்கலாம். நான் போகவில்லை. அவரும் திரும்பவில்லை. சரக்கு ரயில் வந்தது. ஒவ்வொரு பெட்டியாகப் போய் முடிந்தது. கேட்டை ஏற்றினார்கள்; மாடு இரண்டும் தலையை ஆட்டிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிப் போயின.